புனித ஃபிரிடொலினும் எங்கள் கிணறும்

றோசலின் அக்கா செத்தவரின் இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளை நாடாவால் கட்டிக்கொண்டிருந்தார். செத்தவர் கைபேசியில் பீல் நகரத்துக்குத் திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடாமல் கிடவுங்கோ அண்ணை," என்றார் அக்கா. "செத்த ஆள் இப்பிடிக் காலை ஆட்டினால் நான் என்னெண்டு முடிச்சுப் போடுறது?"

"கூசுதடி பிள்ளை," என்றார் செத்தவர்.

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் எங்கள் கோயில் மண்டபத்தின் பின்னறை அது. மடக்குக் கதிரைகள் ஒரு பக்கம், யாரோ மறந்துவிட்டுப் போன குடைகள் மறுபக்கம். குசினியிலிருந்து பற்றிஸ் பொரிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. நான் ஒரு கோட்டின் கையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். செத்தவருடைய கோட்.

செத்தவர் வேறு யாருமல்ல, என் கணவரின் கூடப்பிறந்த அண்ணன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். என் கணவர் தாசன் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், வெல்வெட் தொப்பியும் போலித் தாடியுமாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துக் கதைத்து வருடக்கணக்காகிவிட்டது. எங்கள் மகள் மெலனி அப்போது பள்ளிக்கூடப் பையோடு திரிந்தாள். இப்போது அவளுக்கு அடுத்த மாதம் கலியாணம்.

இந்த இருவரையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டவர் ஒரு அயர்லாந்துக்காரர். அவர் இறந்து ஆயிரத்து சொச்சம் வருடமாகிறது.

நம்பர் தகட்டில் ஒரு சாமியார்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது கோயிலில் இல்லை, நெடுஞ்சாலையில். நாங்கள் பழைய கார் ஒன்று வாங்கி, அது எங்கள் பேச்சைக் கேட்ட நாட்களில் ஊர் பார்க்கப் போன காலம். வாலன்சே ஏரிப் பக்கம் வாகனங்கள் நெரிந்து நின்றன. எங்களுக்கு முன்னால் நின்ற காரின் நம்பர் தகட்டில், சிவப்புப் பின்னணியில், கையில் தடியும் புத்தகமுமாக ஒரு சாமியார் நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

நான் உடனே சிலுவை போட்டுக்கொண்டேன்.

"அது கிளாருஸ் கன்டோன், அந்த மாநிலத்தின்ர சின்னமப்பா," என்றார் என் கணவர்.

"இருக்கட்டுமே. சாமி சாமிதானே."

எங்கள் ஊரில் புனிதரைக் காருக்குள்ளே, கண்ணாடிக்கு முன்னால் தொங்கவிடுவோம். இங்கே அரசாங்கமே அவரைப் பின்பக்கம் திருகாணி போட்டு இறுக்கி வைத்திருக்கிறது. வழியில் எத்தனை பேர் அவரைப் பார்த்துக்கொண்டே பிரேக் போடுகிறார்கள் என்று நினைத்து அன்று நான் சிரித்தேன். அவர் பெயர் ஃபிரிடொலின் என்பது பிறகுதான் தெரியவந்தது.

சொன்னவர் கிளெமென்ற். லுட்சேர்னில் பஸ் ஓட்டுகிறார். கோயிலில் நாடகம் என்றால் எழுதுவதும் பழக்குவதும் நடிப்பதும் அவர்தான். பங்குச் சுவாமி, சுவிஸ்காரர், நல்ல மனிதர். அந்த வருடப் பங்கு விழாவில் ஒவ்வொரு மொழிக்காரரும் இந்த நாட்டுப் புனிதர் ஒருவரின் கதையைச் செய்யவேண்டும் என்று கேட்டிருந்தார். இத்தாலியருக்கு ஒருவர், போர்த்துக்கேயருக்கு ஒருவர். எங்களுக்கு யார் என்று கிளெமென்ற் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, செபக்கூட்டம் முடிந்த கையோடு எழும்பி நின்றார்.

"எங்கட ஆள் ஒருத்தர் அகப்பட்டிருக்கிறார்," என்றார்.

மாட்டுத் திருடனும் அரசனின் கடிதமும்

கதை இப்படி. ஃபிரிடொலின் அயர்லாந்திலிருந்து வந்தவர் என்று சொல்வார்கள். நடந்தே பிரான்சு முழுக்கத் திரிந்தார். ரைன் நதியில் ஒரு தீவு இருக்கிறது, அங்கே போய்க் கோயில் கட்டு என்று கனவில் உத்தரவு வந்தது. தேடிக் கண்டுபிடித்து வந்தால், அங்கே மாடு மேய்த்தவர்கள் இவரை மாட்டுத் திருடன் என்று அடித்துத் துரத்திவிட்டார்கள். ஆள் புதிது, மொழி புரியாது, புல்வெளியை உற்று உற்றுப் பார்க்கிறான். வேறு என்ன நினைப்பார்கள்?

மனிதர் விடவில்லை. திரும்பிப் போய் அரசனைப் பார்த்து, இந்தத் தீவில் இவர் இருக்கலாம் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வந்தார்.

கிளெமென்ற் இந்த இடத்துக்கு வந்ததும் மண்டபம் அதிர்ந்தது.

"ஆள் பெர்மிட் எடுத்திட்டார்!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்.

"முதல் தரம் நெகட்டிவ் போல!"

அகதி முகாமில் பெர்மிட்டுக்குக் காத்திருந்து 'நெகட்டிவ்' என்று நிராகரிப்புக் கடிதம் வாங்கியவர்களும், பொலிஸ்காரர் அடையாள அட்டையைக் கேட்டால் இன்றைக்கும் நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொள்பவர்களும்தான் அங்கே பாதிப் பேர். ஃபிரிடொலின் அந்த நிமிடமே எங்கள் ஆளாகிவிட்டார். அவருடைய சரித்திரம் அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பிறகு எழுதப்பட்டதாம், அதில் எவ்வளவு உண்மை என்று படித்தவர்களுக்கே சந்தேகமாம். எங்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

பிறகு கிளெமென்ற் கதையின் இரண்டாவது பாதிக்கு வந்தார். அங்கேதான் வினை.

கிளாருஸில் ஊர்சோ, லண்டோல்ஃப் என்று இரண்டு சகோதரர்கள். ஊர்சோ தன் காணியை ஃபிரிடொலினின் மடத்துக்கு எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். லண்டோல்ஃப் விடுவானா? அது என் காணி என்று பிடித்துக்கொண்டான். வழக்குக்குப் போனால், சாட்சி எங்கே என்று கேட்டார்கள். ஃபிரிடொலின் நேரே சவக்காலைக்குப் போய், செத்துப் புதைத்த ஊர்சோவைக் கூப்பிட்டார். எலும்புக்கூடு எழும்பி வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கு மன்றம்வரைக்கும் நடந்துபோனார். செத்தவர் தன் சகோதரனைப் பார்த்து, என் பங்கை ஏன் பறித்தாய் என்று கேட்டார். லண்டோல்ஃப் நடுங்கிப்போய், அந்தப் பங்கோடு தன் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான்.

அதனால்தான் ஃபிரிடொலினின் சுருவச் சிலைகளில் பக்கத்தில் ஒரு எலும்புக்கூடும் நிற்கும். மற்றப் புனிதர்களுக்கு ஆட்டுக்குட்டி, லீலிப்பூ, சாவி என்று இருக்க, இவருக்கு மட்டும் ஒரு காணி வழக்குச் சாட்சி.

கதை முடிந்தபோது மண்டபத்தில் தலைகள் திரும்பின. எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் செபமாலையை எண்ணத் தொடங்கினார்.

கிணறு

என் மாமனாரின் காணி ஊரில், இளவாலைப் பக்கம் இருக்கிறது. அவர் அதை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாகப் பிரித்தார். கிணறு என் கணவரின் பாதியில் விழுந்தது. பெரியத்தானுக்குக் கிணற்றில் பங்கும், அதற்குப் போய்வர வழியும் உண்டென்பது வாய்ப்பேச்சு. பிறகு ஊரில் இருந்த யாரோ ஒரு உறவினர், மாடு வருகிறது என்று சொல்லி நடுவே கம்பி வேலி போட்டுவிட்டார். என் கணவர் அதற்கு ஓம் என்றாரா, சும்மா இருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. பெரியத்தானுக்குச் செய்தி போனபோது அது, தம்பி கிணற்றைப் பிடித்துவிட்டான் என்று போய்ச் சேர்ந்தது.

அந்தக் காணியில் ஒருவரும் இல்லை. கிணற்றில் தண்ணீர் அள்ள ஒரு நாதியும் இல்லை. ஒருவர் பீலில், மற்றவர் எம்மன்புரூக்கேயில், குழாயைத் திறந்தால் மலைத் தண்ணீர் கொட்டுகிற நாட்டில் இருந்துகொண்டு கிணற்றுக்குச் சண்டை. இதைச் சொன்னால், "உனக்கு விளங்காது, அது உரிமைப் பிரச்சினை" என்பார் இவர். எனக்கு விளங்கவில்லைதான். இன்றைக்கும் விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது மெலனியின் முகம் மட்டும். பெரியத்தான் கலியாணம் செய்யாதவர். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடுகளவு பல்லுச்சக்கரங்களைப் பொருத்துகிற வேலை. மெலனிக்கு ஞானத்தகப்பனும் அவர்தான். திருமுழுக்கு நாளில் அவளைத் தூக்கி வைத்திருந்தவர், பூசை முடிந்த பிறகும் திருப்பித் தரவில்லை. முதல் நன்மைக்கு, அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று, அவர் கட்டிவிட்ட மணிக்கூட்டை அவள் இன்றும் கட்டுகிறாள். வார் மட்டும் எத்தனையோ தரம் மாறிவிட்டது.

கலியாணம் முற்றாகி நிச்சயமானதும் அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கோயில் வாசலிலிருந்து பீடம்வரைக்கும் வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் பெரியப்பா.

"பெரியப்பா வராட்டி?" என்று கேட்டேன்.

"வராட்டி இடப்பக்கம் சும்மா இருக்கட்டும் அம்மா. எல்லாரும் பாக்கட்டும்."

பீலுக்கு அழைப்பிதழ் போனது. பதில் வரவில்லை. மெலனி ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பாள். பிறகு சப்பாத்தைக் கழற்றுவாள்.

செத்துக் கிடக்க ஆள் தேவை

நாடகத்துக்கு வருவோம். ஃபிரிடொலினாகக் கிளெமென்ற். லண்டோல்ஃபாக என் கணவர். வில்லனுக்கு வேறு யாரும் முன்வரவில்லை, இவருக்குக் குரலும் பெரிது. ஆனால் ஊர்சோவுக்கு ஆள் கிடைக்கவில்லை. பிணமாகக் கிடப்பதற்கு எங்கள் சனத்தில் யார் சம்மதிப்பார்கள்? ஒருவர் வீட்டில் மகள் பிள்ளைத்தாய்ச்சி. ஒருவருக்கு ஊரில் தாய்க்குச் சுகமில்லை. ஒருவர் புதிதாக வீடு வாங்கியிருக்கிறார். கலியாண வீட்டுக்காரர் என்றால் பேச்சே இல்லை.

கடைசியில் கிளெமென்ற் பீலுக்குத் தொலைபேசி எடுத்தார். பெரியத்தான் ஊரில் கோயில் நாடகங்களில் பாடியவர். நல்ல குரல்.

"ஓம், நான் கிடக்கிறன்," என்றாராம். "என்ர வீட்டில என்ன கலியாணமோ காட்சியோ?"

கிளெமென்ற் இதை என்னிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஞானமகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். இது தன் வீட்டுக் கலியாணம் இல்லை என்று அவர் ஊருக்கே சொல்லிவிட்டார். அன்று பாத்திரம் கழுவும்போது அழுதேன். தண்ணீர் ஓடியபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை.

பெரியத்தான் தன் பாட்டுகளை பீலில் இருந்தபடியே தொலைபேசியில் பழகினார். ஊர்சோ யார் என்பது என் கணவருக்கு விழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்தான் தெரியவந்தது. தாடியைக் கழற்றி மேசையில் எறிந்தார்.

"நான் நடிக்கமாட்டன். ஒருநாளும் ஒத்திகை பாக்காமல் என்னெண்டு அவரோட மேடையில நிக்கிறது?"

"மேடையில சண்டைதானே பிடிக்கவேணும்," என்றேன் நான். "இவ்வளவு வருசமாய் ஒத்திகை பாத்தது காணாதோ?"

கொஞ்ச நேரம் கழித்துத் தாடியைத் தேடி எடுத்தார். பூனை அதன்மேல் படுத்திருந்தது.

எலும்புக்கூடு வேண்டாம்

ஊர்சோவுக்குக் கிளெமென்ற் ஓர் உடுப்பு வைத்திருந்தார். பாஸ்நாக்ட் திருவிழாவில், ஊரே வேடம் கட்டிப் பறையடித்துத் திரிகிற அந்த நாட்களில், தன் மகன் போட்ட கறுப்புச் சட்டை. அதில் வெள்ளை எலும்புகள் வரைந்திருந்தது. நிலவறையில் கிடந்ததைத் தட்டி எடுத்து வந்திருந்தார்.

றோசலின் அக்கா அதைப் பார்த்த பார்வையிலேயே அது திரும்பவும் பைக்குள் போய்விட்டது.

றோசலின் அக்கா மன்னார்க்காரி. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழருக்கு மணப்பெண் அலங்காரம் அவர்தான். யாராவது இறந்தால், வீட்டார் கேட்டுக்கொண்டால், பெட்டியில் வைக்குமுன் உடுத்திவிடுவதும் அவர்தான். இரண்டையும் ஒரே அக்கறையோடு செய்வார்.

"செத்தவர் எண்டால் எலும்பாய் வாறதோ? பாக்கிற சனம் என்ன சொல்லும்? உடுத்தி அனுப்ப ஆளில்லாத பிரேதம் எண்டு சொல்லாதோ? எங்கட ஆக்கள் கோட் போட்டுத்தான் போறவை."

ஆகவே பெரியத்தானிடமிருந்த ஒரே நல்ல கோட் பீலிலிருந்து வந்தது. வெள்ளைக் கையுறை, வெள்ளைக் காலுறை, கையில் செபமாலை, நாடியையும் தலையையும் சுற்றித் துணிக்கட்டு. காலில் பெருவிரல் கட்டு. எல்லாம் முறைப்படி. ஒன்றும் குறைவில்லை. அக்கா பின்னால் நகர்ந்து நின்று தலையைச் சரித்துப் பார்த்தார். அப்படியே நிஜச் செத்தவீடு. நான் கோட்டின் கழுத்தைச் சரிசெய்தபோது பெரியத்தான் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை சுகமாய் இருக்கிறாளோ?"

"நீங்களே கேக்கலாமே," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். செத்தவருக்கு அந்த வசதி உண்டு.

நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில், பச்சைத் துணி போர்த்த நீள மேசையில் கிடத்தினார்கள்.

எழுந்து வா, ஊர்சோ

மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு ஒரு பக்கம் பங்குச் சுவாமி, மறுபக்கம் மெலனி. மாட்டுத் திருடன் காட்சிக்குச் சிரிப்பு, அரசனின் கடிதத்துக்குக் கைதட்டல். என் கணவர் வில்லனாக மீசையை முறுக்கி, "சாட்சி எங்கே?" என்று கர்ச்சித்தபோது முன்வரிசைக் குழந்தை ஒன்று அழத் தொடங்கியது.

திரை விலகியது. மேசையில் பெரியத்தான். முறைப்படி உடுத்திய பிரேதத்தைக் கண்டதும் சனம் பழக்கதோஷத்தில் எழும்பி நின்றுவிட்டது. இரண்டு பேர் சிலுவை போட்டார்கள். பங்குச் சுவாமியும் எழும்பினார்.

கிளெமென்ற் தடியால் மேசையைத் தட்டிப் பாடினார். "ஊர்சோவே, எழுந்து வா! உண்மை சொல்ல எழுந்து வா!"

பெரியத்தான் மெதுவாக எழும்பி உட்கார்ந்தார். அழகாகச் செய்தார். கால்களைத் தரையில் வைத்தார். நிமிர்ந்தார். முதல் அடி எடுத்தார்.

எடுக்க முடியவில்லை. முறைப்படி கட்டிய விரல் கட்டு இருந்தது. செத்தவர் நடக்கவேண்டும் என்பது எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எங்கள் செத்தவர்கள் நடப்பதில்லையே.

ஒருதரம் துள்ளினார். இன்னொரு தரம் துள்ளினார். சனம் சிரித்தது. மூன்றாவது துள்ளலில் உடம்பு முன்னுக்குச் சரிந்து, மேடையின் விளிம்புப் பக்கமாகப் போனது.

"அண்ணை! ஐயோ அண்ணை, விழப்போறியள்!"

லண்டோல்ஃப் வழக்கு மன்றத்து வாங்குப் பலகையைத் தாண்டிப் பாய்ந்து வந்து, அண்ணனை இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். தொப்பி ஒரு பக்கம், தாடி ஒரு பக்கம் போயிற்று. இரண்டு பேரும் மேடையில் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

என் கணவர் உடனே குனிந்து கால் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். றோசலின் அக்காவின் முடிச்சு. லேசில் அவிழுமா? பல்லால் கடித்து இழுத்தார். பெரியத்தான் தன் காலடியில் குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். மேலே தொங்கிய ஒலிவாங்கி வேலை செய்துகொண்டிருந்தது.

"உனக்கு எப்ப தாசன் மொட்டை விழுந்தது?"

"நீங்கள் கதைக்காமல் விட்ட பிறகுதான்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் கை மெலனியின் கையைத் தேடிக்கொண்டிருந்தது.

கிளெமென்ற் தடியை ஊன்றி நின்றபடி, புனிதருக்கு உரிய பொறுமையோடு, "சாட்சி சொல்லும், ஐயா," என்றார்.

பெரியத்தான் பாடினார். "தம்பியே, என் பங்கை ஏன் பறித்தாய்?" ஒத்திகையில் பெரிய குரலில் எடுத்த பாட்டாம். அன்று அது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல வந்தது.

என் கணவர் பாடவேண்டிய வரியைப் பாடவில்லை.

"என்ர பங்கையும் எடுங்கோ அண்ணை. கிணத்தையும் எடுங்கோ."

அந்தப் பக்கத்தில் இருந்தவர் ஜெர்மனில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த பங்குச் சுவாமி என் பக்கம் சாய்ந்து, "கிணறா? ஃபிரிடொலின் கதையில் கிணறு இல்லையே?" என்றார்.

"எங்கள் ஃபிரிடொலினுக்கு இருக்கிறது, சுவாமி," என்றேன்.

மேடையில் பெரியத்தான் நாடித் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "கிணத்தை பீலுக்குக் கொண்டுபோய் நான் என்னடா செய்யிறது? அந்தக் கம்பி வேலியைக் கழட்டச் சொல்லு. அது காணும்."

ஃபிரிடொலின் செத்தவரைத் திரும்பக் கல்லறைக்குக் கூட்டிப்போகும் கடைசிக் காட்சி அன்று நடக்கவே இல்லை.

கோட்

ஆனால் கலியாணத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. பெரியத்தான் ஒரு பற்றிஸை வாயில் வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடிவிட்டார். மெலனி நிலையம்வரைக்கும் போனாள். திரும்பி வந்து, "வாறன் எண்டும் சொல்லேல்லை, வரமாட்டன் எண்டும் சொல்லேல்லை. மணிக்கூட்டை மட்டும் காதில வைச்சுக் கேட்டார்," என்றாள்.

கலியாண நாள். கோயில் வாசல். மாப்பிள்ளை உள்ளே போய்விட்டார். ஓர்கன் தொடங்கக் காத்திருக்கிறது. றோசலின் அக்கா மெலனியின் முக்காட்டுக்குக் கடைசி ஊசியைக் குத்திக்கொண்டிருந்தார். என் கணவர் வலப்பக்கம் நின்றார். இடப்பக்கம் சும்மா இருந்தது. நான் தெருவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

பஸ் ஒன்று வந்து நின்றது. முன்பக்கக் கதவு திறந்தது. பெரியத்தான் இறங்கினார். அதே கோட்.

றோசலின் அக்கா வாயில் வைத்திருந்த ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு அலறினார். "அண்ணை! என்ன வேலை செய்தியள்? நல்ல நாளும் அதுவுமாய்! அது செத்த கோட் எல்லே!"

பெரியத்தான் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தபடி படியேறி, மெலனியின் இடப்பக்கம் வந்து நின்றார்.

"இல்லையடி பிள்ளை," என்றார். "இது எழும்பி வந்த கோட்."

மெலனி அந்தக் கோட்டின் கைக்குள் தன் கையைச் செருகிக்கொண்டாள். உள்ளே ஓர்கன் தொடங்கியது.